ஊசி இல்லாத வாரம்

கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசுங்கள் மேடம் என்று போன மாதம் கூப்பிட்டார்கள். போனேன். பொன்னாடை போர்த்தினார்கள், மைக்கைக் கொடுத்தார்கள், கொடுத்த கையோடு நேரமாகிவிட்டது என்று சைகையும் காட்டினார்கள். கடின உழைப்பு, நேர்மை என்று ஏதோ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். உண்மையில் சொல்ல நினைத்தது இதுதான். எழுதித் தருகிறேன், சாப்பாட்டு வேளையில் படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி. அதன் கம்ப்யூட்டர் பிரிவில் சாதாரணப் புரோகிராமராக நுழைந்து, அந்தப் பிரிவின் தலைவியாக ஓய்வு பெற்றவள் நான். இப்போது எனக்கு மேலதிகாரி என்று ஒருவரும் கிடையாது. அதனால் வாய் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இட்டரேட்டர் என்றால் என்ன என்று இன்டர்வியூவில் உங்களைக் கேட்டிருப்பார்கள். "மதிப்புகளை வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது. அடுத்தது என்றால் அடுத்ததைக் கொடுக்கும், தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லும்" என்று கடகடவென ஒப்பித்திருப்பீர்கள். வேலையும் கிடைத்துவிட்டது, சந்தோஷம். ஆனால் தீர்ந்துபோன இட்டரேட்டரிடம் மறுபடி போய்க் கேட்டால் என்ன ஆகும் என்று யாரும் உங்களைத் துருவியிருக்க மாட்டார்கள்.

ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் முன் சீட்டில் ஆரம்பித்து, ஒவ்வொருவராக டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்னால் போகிறார். கடைசி சீட்டுக்குப் போனதும் உட்கார்ந்துவிடுகிறார். இட்டரேட்டர் அந்தக் கண்டக்டர் மாதிரி, ஒரே திசையில்தான் நடக்கும். பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டவரிடம் "டிக்கெட் வாங்காத ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால், "எனக்கு முன்னாடி யாருமே இல்லையே" என்பார். பொய் இல்லை, அவர் பார்க்கிற பக்கத்தில் வெறும் கண்ணாடிதான் இருக்கிறது. நாமோ பஸ் முழுக்க டிக்கெட் வாங்கியாயிற்று என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம்.

லிஸ்ட் அப்படி இல்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது ஒரு புதுக் கண்டக்டரை முன் சீட்டிலிருந்து அனுப்பும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு டை கட்டிய மனிதர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். அவர் கதைக்கு முன்னால் ஊசிக் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் குழந்தைகள் ஷூதான் ஜாஸ்தி. தோல் தைக்கிற மெஷினில் ஊசி உடையும், உடைந்துகொண்டேதான் இருக்கும். உடைந்தால் ஒரு சட்டம் உண்டு. எல்லாத் துண்டையும் பொறுக்கிக் கொண்டுபோய், ஊசி அலமாரிக்குப் பொறுப்பான பஷீர் பாயிடம் கொடுக்க வேண்டும். அவர் துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பார். முழு ஊசி தேறினால்தான் புது ஊசி. ஒரு முனை குறைந்தாலும் கிடையாது. முனை கிடைக்கிறவரை அந்த மெஷின் நிற்கும், அதில் தைத்த ஷூ லாட்டும் நிற்கும். கிடைக்காத முனை ஷூவுக்குள் இருந்தால், எந்த ஊரிலோ ஒரு குழந்தையின் காலில் ஏறும் அல்லவா? சூப்பர்வைசர்கள் எல்லாரும் பஷீர் பாயைத் திட்டுவார்கள். அவர் காதில் வாங்க மாட்டார்.

இதற்கு மேல் இன்னொரு காவல் இருந்தது. தைத்து முடித்த ஷூக்கள் பெல்ட்டில் ஏறி, ஊசி பிடிக்கிற மெஷினுக்குள் போய் வரும். ஒவ்வொரு ஷூவுக்கும் மெஷின் ஒரு அளவு சொல்லும். குழந்தை ஷூவில் வாரை மாட்டுகிற உலோகப் பக்கிள் இருக்கிறதே, அதற்கும் அந்த மெஷின் லபோதிபோ என்று கத்தும். அதனால் அதன் சைரனை நிறுத்திவிட்டு, அந்த அளவுகளை எங்கள் புரோகிராம் ஒவ்வொன்றாக வாங்கி, இது பக்கிளா ஊசியா என்று பார்க்கும்படி செய்திருந்தோம். சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கு எரியும், அந்தப் பெட்டி எண்ணைச் சொல்லி நிறுத்தும். மெஷினின் கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க, உள்ளே இரும்புக் குண்டு வைத்த ஒரு அட்டையை அவ்வப்போது பெல்ட்டில் விடுவோம். அட்டைக்கு விளக்கு எரிந்தால் எல்லாம் சரி. இப்படியே பல வருஷம் ஓடியது. ஒருவரும் எங்களைப் பாராட்டியதில்லை, பாராட்ட அதில் என்ன இருக்கிறது?

அப்போதுதான் டிஜிட்டல் மாற்றம் வந்தது. சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரின் உருவத்தில், டை கட்டிக்கொண்டு காரில் வந்தது. ஏலகிரியில் தங்கி எங்களுக்காக ஒரு தொலைநோக்கு எழுதினார். மலையேறும்போது தொலைநோக்காக இருந்தது, இறங்கும்போது டிவியாகிவிட்டது. ரிசப்ஷனில் சுவர் அடைக்க ஒரு ஸ்க்ரீன். அதில் பெரிய எழுத்தில் இரண்டே வரி. இன்று சோதித்த ஷூக்கள் இவ்வளவு. ஊசி கண்டவை இவ்வளவு; அது பூஜ்யமென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

இந்த ஸ்க்ரீனுக்காக எங்கள் புரோகிராமை ஆலோசகர் கையில் கொடுக்கச் சொன்னார் எங்கள் ஜெனரல் மேனேஜர், ஜி.எம். "உங்க டிபார்ட்மென்ட் கை வைக்காதீங்க மேடம், அவர் ஃப்ரீயா வேலை செய்யட்டும்" என்றார். நாங்கள் புரோகிராம் கோடைப் பார்க்கலாம், தொடக் கூடாது. மியூசியத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது சொல்வார்களே, அந்த ஒப்பந்தம்.

டெமோ அன்று ஆலோசகர் சில அளவுகளைத் தானே டைப் செய்து லிஸ்டாக வைத்திருந்தார். ஸ்க்ரீன் அந்த லிஸ்டை ஒரு சுற்று படித்து எண்ணிக்கை காட்டியது. பிறகு புரோகிராமில் ஊசி தேடுகிற சோதனைப் பகுதி அதே லிஸ்டை இன்னொரு சுற்று படித்து ஊசியைப் பிடித்தது. எல்லாரும் கை தட்டினோம், நானும்தான். அடுத்த நாள் டைப் செய்த லிஸ்டை எடுத்துவிட்டு, மெஷினிலிருந்து வருகிற நிஜ அளவுகளை இணைத்தார்கள். அது லிஸ்ட் இல்லை, இட்டரேட்டர். அன்றிலிருந்து ஸ்க்ரீனில் ஊசி கண்டவை பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம்.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஊசி ஷூவுக்குள் போகாமல் இருக்கலாம், நல்ல விஷயம். ஆனால் பக்கிளைப் பார்த்து ஏமாறுகிற பொய்ச் சந்தேகம்கூட ஒன்றும் வரவில்லையே! சரி, இரும்புக் குண்டு அட்டையை விட்டுப் பார்க்கலாம் என்று பெல்ட் பக்கம் போனால், அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். அட்டை போகிறபோதெல்லாம் ரிசப்ஷன் ஸ்க்ரீனில் சிவப்பு வந்தால் விருந்தாளிகள் பயந்துவிடுவார்களாம், ஜி.எம். உத்தரவு. கண் பரிசோதனையில் தோற்றுவிடுவோம் என்று கண் டாக்டரையே ஊரை விட்டு அனுப்பிய கதை. மெயில் போட்டேன். "நோட்டட்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று போகப் போக நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

வார முடிவில் "ஊசி இல்லாத வாரம்" என்று பேனர் கட்டி கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் க்ரீமில் பெரிய பூஜ்யம். ஆலோசகருக்கு மாலை. ஊசி அலமாரியே இனித் தேவையா என்று யோசிக்க ஒரு கமிட்டியும் போட்டார்கள். பஷீர் பாய் கேக்கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அலமாரிக்குத் திரும்பிப் போனார்.

அதற்கு அடுத்த வாரம், எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒருவருக்கு ஒரு கன்டெய்னர் போக வேண்டிய நாள். பையரின் சென்னை ஆபீசிலிருந்து ஓர் அம்மா இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். லாரி வாசலில் நிற்கிறது, பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு எஸ்தர் வந்தாள். எஸ்தர் தையல் லைன் சூப்பர்வைசர், பள்ளிகொண்டா பக்கத்துக்காரி. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"இன்னா மேடம் உங்க டிவி? காலைல என் லைன்ல ஷபானா மெஷின்ல ஊசி உடைஞ்சுது. முனை கெடைக்கல. டேபிள், தரை, துணி, எல்லாம் காந்தம் போட்டுத் தேடியாச்சு. பஷீர் பாய் ஊசி குடுக்க மாட்டேன்றாரு. அது சரி, அவரு குடுக்கக் கூடாது. நான் லாட்ட நிறுத்துன்னா, ஜி.எம். டிவியக் காட்டி, அதான் பூஜ்யம் வருதே, கெளம்பு கெளம்புன்றாரு. என் முனை எங்க போச்சு மேடம்?"

"லாட் எங்க இருக்கு இப்ப?"

"லாரில ஏறிட்டுது. வேலையைக் கெடுக்கறேன்னு எனக்கு மெமோ வேற. எச்.ஆர். டைப் அடிச்சுனு இருக்காரு. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போன்றாங்க. என் வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்னு உங்களுக்கே தெரியும்."

அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்திலா பயத்திலா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். உட்கார் என்றால் உட்காரவில்லை. நான் ஆலோசகரின் கோடைத் திறந்தேன். நீளமெல்லாம் இல்லை, ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். மெஷினிலிருந்து அளவுகளின் இட்டரேட்டரை வாங்குகிறார். முதலில் அதை ஸ்க்ரீனிடம் கொடுக்கிறார். ஸ்க்ரீன் அடுத்தது, அடுத்தது என்று கடைசிவரை நடந்து, எண்ணிக்கை போட்டுக் காட்டுகிறது. பிறகு அதே இட்டரேட்டரைச் சோதனையிடம் கொடுக்கிறார். சோதனை அடுத்தது என்கிறது. தீர்ந்தது என்று பதில் வருகிறது. ஒரு ஷூவையும் பார்க்காமல், ஒரு தப்பும் இல்லை என்று எழுதிவிட்டு, வெற்றிகரமாக முடிந்தது என்று தனக்குத் தானே சான்றிதழும் கொடுத்துக்கொள்கிறது.

ஒரு வாரத்துக்கு மேலாகப் பெல்ட்டில் போன ஷூக்கள் எல்லாம் ஒரு கணம் கண்ணில் வந்தன. நல்லவேளை, ஸ்க்ரீன் வந்ததிலிருந்து சரக்கு எதுவும் வெளியே போகவில்லை. எல்லாம் இந்த ஒரு கன்டெய்னருக்காகத்தான் கோடவுனில் சேர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கன்டெய்னருக்குத்தான் இப்போது சீல் வைக்கப் போகிறார்கள்.

ஜி.எம்.மிடம் ஓடினேன். "சார், சோதனை ஓடவே இல்ல. ஸ்க்ரீன் முன்னாடியே எல்லாத்தையும் தின்னுடுது. சோதனைக்கு மிச்சம் எதுவும் போகல."

"மேடம், டெக்னிக்கலா பேசாதீங்க. சோதித்தவைன்னு நம்பர் காட்டுதா இல்லையா?"

"காட்டுது சார். அது எண்ணுனது, சோதிச்சது இல்ல."

"நம்பர் இருக்கு. பச்சையா இருக்கு. லாரி வாசல்ல இருக்கு. உங்களுக்கு இன்னா பிரச்சனை?"

பக்கத்தில் நின்ற ஆலோசகர் டையைச் சரிசெய்துகொண்டு, "டெமோவுல ஒர்க் ஆச்சே மேடம்" என்றார். இந்த வாக்கியத்தை உங்கள் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கோடு எனக்குப் புரிந்துவிட்டது, அது சுலபம். புரிய வைப்பதுதான் கஷ்டம். பஸ், கண்டக்டர் என்று ஜி.எம்.முக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தால் முடிவதற்குள் லாரி பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியிருக்கும். கோடைத் திருத்த அனுமதி இல்லை. கேட்டை மறித்து நிற்க அதிகாரமும் இல்லை. பையர் அம்மாவிடம் நேராகப் போய்ச் சொன்னால் கம்பெனியைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். பேசாமல் இருந்தால் எஸ்தருக்கு மெமோ, ஏதோ ஒரு குழந்தைக்கு ஊசி. பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜி.எம்.முக்குப் புரிகிற பாஷை ஒன்றே ஒன்றுதான். வந்தவர்களுக்கு முன்னால் காட்சி நடத்த வேண்டும் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதையே பிடித்தேன்.

"சார், அந்த அம்மா முன்னாடி டெஸ்ட் அட்டையை ஒரு தரம் விட்டுக் காட்டலாமே. ஆனா ஒன்னு, அட்டை போனா சிவப்பு வரணும். வராதுன்னு நான் சொல்றேன். பச்சையேதான் வரும்."

அவர் காதில் விழுந்தது கடைசி வார்த்தைகள் மட்டும். முகம் மலர்ந்துவிட்டது. "பச்சையே வரும்ன்றீங்களா? சூப்பர். நடத்துங்க."

நான் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். என்ன ஆகும் என்று முழுசாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

பீரோவைத் திறந்து அட்டையை எடுத்தார்கள். பையர் அம்மாவை மரியாதையாகப் பெல்ட் பக்கம் அழைத்துப் போனார் ஜி.எம். வழியெல்லாம் "எங்க சிஸ்டம், எங்க சிஸ்டம்" என்று சொல்லிக்கொண்டே போனார். அட்டை பெல்ட்டில் ஏறியது, மெஷினுக்குள் நுழைந்தது, அந்தப் பக்கம் வந்து விழுந்தது. எல்லாரும் திரும்பி ரிசப்ஷனுக்கு வந்து ஸ்க்ரீனைப் பார்த்து நின்றோம். ஸ்க்ரீன் ஒரு சுற்று புதுப்பித்துக்கொண்டது. சோதித்தவை ஒன்று கூடியது. ஊசி கண்டவை பூஜ்யம். பளிச்சென்று பச்சை.

"பாத்தீங்களா மேடம்? பச்சை!" என்று ஜி.எம். கை தட்டினார். ஆலோசகர் கை தட்டினார். அவர்கள் தட்டுவதைப் பார்த்து ரிசப்ஷன் பெண்ணும் தட்டினாள்.

பையர் அம்மா தட்டவில்லை. கையிலிருந்த டீ கப்பைக் கீழே வைத்தார். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "சார், இதுக்குள்ள இருக்கறது இரும்புதானே?"

கை தட்டல் அப்படியே பாதியில் நின்றது. ஜி.எம். அட்டையைப் பார்த்தார், ஸ்க்ரீனைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். இட்டரேட்டர் என்றால் என்ன என்று அவருக்கு அப்போதும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் இரும்பு தெரியும். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது, பாவமாகக்கூட இருந்தது எனக்கு.

"லாரிய நிறுத்து" என்றார் ஜி.எம். இரண்டாம் தடவை கத்தினார்.

கோடைத் தொட அனுமதி உடனே கிடைத்தது. திருத்த என்ன பெரிய வேலை? ஸ்க்ரீனுக்கு ஒரு இட்டரேட்டர், சோதனைக்கு மெஷினின் பதிவிலிருந்து புதிதாக இன்னொன்று. இரண்டு பேருக்கும் தனித்தனிக் கண்டக்டர், அவ்வளவுதான். கூடவே, எத்தனை ஷூவை நிஜமாகப் பார்த்தாய் என்று சோதனையே சொல்லும்படி ஒரு வரி சேர்த்தேன். அந்த எண்ணும் ஸ்க்ரீன் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் பச்சை வரக் கூடாது. சேர்ந்து கிடந்த பதிவு முழுவதையும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.

எதிர்பார்த்தபடி அட்டையைப் பிடித்தது. கூடவே எஸ்தர் லைனிலிருந்து ஒரு பெட்டி. எஸ்தர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள், எண்ணைப் பார்த்ததும் ஒரே ஓட்டம். அது போக, யாரும் எதிர்பார்க்காத இன்னொரு பெட்டியையும் பிடித்தது, பக்கத்து லைனுடையது. அந்த லைன் சூப்பர்வைசர், துண்டு தேட நேரமாகும் என்று, எப்போதோ எடுத்து வைத்திருந்த பழைய முனையைச் சேர்த்து வைத்து பஷீர் பாயிடம் காட்டிப் புது ஊசி வாங்கியிருந்தார். டிவிதான் பூஜ்யம் காட்டுகிறதே, யார் கேட்கப் போகிறார்கள் என்கிற தைரியம்.

பெட்டிகள் இரண்டும் கன்டெய்னரின் ஆழத்தில்தான் இருந்தன, வேறெங்கே இருக்கும்? ஏற்றியவர்கள் எங்கள் வம்சத்தையே வாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் இறக்கினார்கள். எஸ்தர் தன் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு ஷூவாகக் கை விட்டுத் தடவினாள். சின்ன ஷூ, நடை பழகுகிற குழந்தைக்கானது. உள் துணியைக் கத்தரியால் கிழித்தாள். குதிகால் மடிப்பில் முனை இருந்தது. விரல் நுனியில் எடுத்துக் காட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எனக்கே தெரிந்தது.

பையர் அம்மா அந்தக் கிழிந்த ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "எல்லாத்தையும் திருப்பி பெல்ட்ல விடுங்க, நான் இருக்கேன். லாரி நாளைக்குப் போகட்டும்" என்றார். ஆர்டர் பிழைத்தது.

ஜி.எம். தேறிக்கொள்வதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பையர் முன்னாலேயே பரிசோதித்துக் காட்டுகிற வெளிப்படைத்தன்மை எங்களுடையது என்று அங்கேயே ஒரு சிறு உரை நிகழ்த்தினார். அடுத்த மீட்டிங்கில் அது அவருடைய யோசனையாகவே ஆகிவிட்டது. ஆலோசகர் இதையும் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனார். எச்.ஆர்.காரர்தான் எல்லாரையும் மிஞ்சினார். எஸ்தருக்காக டைப் அடித்து வைத்திருந்த மெமோவில் தலைப்பை மட்டும் மாற்றிப் பாராட்டுக் கடிதம் ஆக்கிவிட்டார். "உற்பத்தியை நிறுத்தியதற்காக" என்கிற வரி இரண்டுக்கும் பொருந்தியதாம்.

அந்தக் கடிதத்தை ஸ்க்ரீனுக்குக் கீழே வைத்துக் கொடுக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று எல்லாரும் ரிசப்ஷனில் வரிசையாக நின்றார்கள். ஸ்க்ரீனில் சிவப்பு எரிந்துகொண்டிருந்ததால், போட்டோவுக்கு மட்டும் அதை அணைத்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். எஸ்தர் கன்டெய்னர் பக்கமிருந்து உள்ளே வந்தாள். முனையை ஒரு செலோ டேப்பில் ஒட்டிக் கையில் பிடித்திருந்தாள். ஜி.எம். கடிதத்தை நீட்டினார்.

"அத அப்பறம் பாக்கலாம் சார். டைம் ஆவுது" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். பஷீர் பாய் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே ஷபானா, காலையிலிருந்து மெஷின் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் இருந்தாள். எஸ்தர் டேப்பை மேசையில் வைத்தாள்.

"முழுசா இருக்குதா பாத்துக்குங்க பாய். பாத்துட்டு ஊசி குடுங்க."

பஷீர் பாய் காலையில் வாங்கி வைத்த துண்டுகளை எடுத்து, முனையை அதோடு சேர்த்து வைத்தார். குனிந்து பார்த்தார். ஷபானா எழுந்து நின்றாள். அவர் அலமாரியைத் திறந்து ஒரு புது ஊசியை அவள் கையில் கொடுத்தார்.